முன் அச்சு அடங்க எட்டு மாசம்

நானே கட்டிய 'ஹாட் ராட்' காரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் கண் முதலில் எஞ்சின் மேல்தான் போகிறது. பானட் கிடையாது, எல்லாம் வெளியே தெரியும், போகத்தான் செய்யும். அடுத்த கேள்வி, "மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?" எஞ்சினை ஏற்றி ஸ்டார்ட் பண்ண எனக்குப் பதினோரு நாள்தான் ஆச்சு. முன் அச்சு, அதாவது முன்சக்கரம் இரண்டையும் தாங்குகிற குறுக்குத் தண்டு, எட்டு மாசத்தைத் தின்றது. அதனால் இதில் முக்கால்வாசி முன் அச்சுக் கதைதான்.

தச்சநல்லூரில் கேட், கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். வெல்டிங், கட்டிங், ஒரு பழைய லேத். கார் மெக்கானிக் இல்லை. 'ஹாட் ராட்' ஆசை வீடியோ பார்த்து வந்தது. 1930களில் கலிபோர்னியாப் பையன்கள் பழைய போர்டு காரை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மட்கார்டு, பானட் என்று வேகத்துக்கு உதவாததை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, எஞ்சினைத் தட்டிக் கொட்டி, முரோக் என்கிற வறண்ட ஏரிப் படுகையில் விரட்டிப் பார்த்திருக்கிறார்கள். வறண்ட ஏரி என்றதும் எனக்கு மானூர்ப் பக்கத்து மானாவாரிக் குளங்கள் ஞாபகம் வந்தது. வருஷத்தில் பாதி நாள் அவையும் அப்படித்தான் கிடக்கின்றன. ஆனால் குளத்துக்குள் ஆடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும். அங்கே வண்டி விடுகிற யோசனையை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

சட்ட விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டி ரோட்டுக்கு ஆகாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. என் வண்டிக்கு நம்பரும் இல்லை, வாங்கப் போவதும் இல்லை. சேரன்மகாதேவி போகிற வழியில் என் மச்சானுக்கு ஒரு செங்கல் சூளை இருக்கிறது. அந்தக் களத்துக்குள்தான் ஓட்டம். களம் 300 மீட்டர் நீளம், சுற்றிலும் வேலி. கொண்டு போக, வர லோடு வண்டி.

சாமான் சேர்த்தது சுருக்கமாக. சேசிஸ், 100க்கு 50 செவ்வகக் குழாய், 4 எம்எம் கனம், வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி) 2500 எம்எம். எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் பின் அச்சும் ஒரே அம்பாசிடர் 1800ல் இருந்து வந்தவை. அந்த 1817 சிசி இசுசு பெட்ரோல் எஞ்சினை ஓட்டியவர்களுக்கு அதன் இழுவை தெரியும். டப்பா மாதிரி இருக்கிற பாடியைப் பஸ் பாடி கட்டின டிங்கர் ஒருவர் 18 கேஜ் தகட்டில் தட்டிக் கொடுத்தார். மூக்குக்குப் பழைய டிராக்டர் கிரில். ஸ்டீரிங் பாக்ஸ் பிரீமியர் பத்மினியுடையது. முன் அச்சு, டூ வீல் டிரைவ் ஜீப்பின் வெறும் குழாய் அச்சு. பழைய இரும்புக் கடையில் கிலோக் கணக்கில் எடுத்தேன்.

கிங் பின், அதாவது முன்சக்கரம் இடது வலது திரும்புகிற செங்குத்துத் தண்டு, ஆடியது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் டக் டக் என்று சத்தம். புது பின் போட்டு, கன்மெட்டலில் புஷ் (பின் உட்காருகிற உள்வளையம்) கடைந்து, ரீமர் (துளையை அளவுக்குச் சீவுகிற கருவி) விட்டேன். வலது பக்கம் ரீமர் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கிங் பின் மேல் புஷ்ஷில் வழுக்கிக்கொண்டு போகும், கீழ்ப் புஷ்ஷில் இறுகும். கீழ்ப் புஷ்ஷைத் தட்டி எடுத்துவிட்டு வேறு கடைந்தேன். இந்த முறை ரீமரின் முன்முனையில் மேல் புஷ்ஷுக்குச் சரியாக ஒரு வழிகாட்டிக் கட்டை போட்டு, மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே நேராக இறக்கினேன். எண்ணெய் தடவின கிங் பின் தன் எடையில் மெதுவாக இறங்கி, விரலால் தட்டினால் நகர வேண்டும். அதுதான் அளவு.

இனி பட்டை, அதாவது வண்டியின் சுமையைத் தாங்குகிற வில் பட்டை. ஹாட் ராட் முன்புறத்தின் அடையாளமே குறுக்காகக் கிடக்கிற ஒற்றைப் பட்டை செட்தான். மாடல் டி வந்த 1908ல் தொடங்கி 1948 வரைக்கும் போர்டு கார்களின் முன்னால் அதுதான் இருந்தது. நம் ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம், வில்வண்டியின் வில்லைக் குறுக்கே திருப்பிப் போட்டதாக நினைத்துக்கொண்டால் போதும். அதனால்தான் கார் பட்டை வேலைக்காரரை விட்டுவிட்டு, முக்கூடல் பக்கம் வில்வண்டி செய்த ஆசாரி ஒருவரிடம் போனேன். எழுபது வயதுக்கு மேல். உலை இன்னும் இருக்கிறது, ஆனால் அரிவாளும் மண்வெட்டியும்தான் வருகிறதாம்.

36 அங்குல ஜீப் பட்டையை அவர் கையில் கொடுத்தேன். கண்ணை, அதாவது பட்டை முனையில் சுருண்டிருக்கிற வளையத்தை, திருப்பிச் சுருட்ட வேண்டும் என்றேன். கண் சுருண்டிருக்கிற பக்கத்தை எதிர்ப்பக்கமாக மாற்றினால் கண்ணின் விட்டம் அளவுக்கு வண்டி தாழும். நான் சொல்லி முடிக்கவில்லை.

"வண்டி மூக்கு தாழணும், அதான? சொல்லுதேன். கண்ணு மாறிச் சுருண்டா கண்ணுள்ள மெயின் பட்டைதான் சுமக்கும். ரெண்டாம் பட்டையைக் கண்ணுக்குப் பக்கத்துல வரை நீட்டி வையும், இல்லன்னா கண்ணுகிட்ட முறியும்."

முனைகளை மட்டும் உலையில் வைத்தார். செந்நிறம் ஏறியதும் பழைய கண்ணை நேராக்கி, ஒரு உருளைக் கம்பி மேல் எதிர்ப்பக்கம் சுருட்டினார். எண்ணெயில் அணைத்தார். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். மறுபடி சூடு காட்டி, வேப்பங்குச்சியால் பட்டையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். குச்சி முதலில் சும்மா வழுக்கியது, பிறகு புகைந்தது, பிறகு சின்னச் சின்னப் பொறி விட்டது. உடனே எடுத்து ஓரமாகச் சாத்திவிட்டார். "தானா ஆறட்டும், தண்ணி காட்டாத." என் பட்டறையில் இருக்கிற வெப்பமானி அன்றைக்குப் பையிலேயே இருந்தது, வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது.

அச்சையே சூடாக்கி வளைத்துத் தாழ்த்துவது அமெரிக்காவில் பழைய வழக்கம். நான் செய்யவில்லை. இரும்புக் கடையில் எடுத்த குழாய் அச்சின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பதிலாகச் சேசிஸை முன்னால் வெட்டி, முனைப் பகுதியை 100 எம்எம் மேலே தூக்கி, படி மாதிரி ஒட்டினேன். பட்டை அச்சுக்கு நேர் மேலே, டை ராடு (இரண்டு முன்சக்கரத்தையும் சேர்த்துத் திருப்புகிற கம்பி) அச்சுக்குப் பின்னால்.

இடம் பத்தவில்லை என்று ஒரு கட்டத்தில் டை ராடை முன்னால் கொண்டு வரப் பார்த்தேன். பேட்டையில் ஜீப் வேலை பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் தற்செயலாக வந்தவர் கத்தினார். "நீரு எதுக்கு வே கம்பியை முன்னால கொண்டு போறீரு? திருப்பத்துல உள்சக்கரம் அதிகமாத் திரும்பணும், வெளிச்சக்கரம் கொறச்சலாத் திரும்பணும். இந்தக் கையைத் திருப்பி மாட்டினா எல்லாம் தலைகீழாப் போவும். டயரு தரையில இழுபடும்." உண்மைதான். நக்கிள் (கிங் பின்னில் சக்கரத்தோடு திரும்புகிற துண்டு) கைகள் பின்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பது அதற்காகத்தான். இரண்டு கைகளின் வழியாகக் கோடு இழுத்தால் பின் அச்சின் நடுவில் ஏறத்தாழச் சந்திக்க வேண்டும். நூல் கட்டிப் பார்த்தேன், சந்தித்தது. பட்டையைத்தான் 20 எம்எம் உயர்த்திக்கொண்டேன்.

இப்போது நான் செய்த பெரிய தப்பு. அச்சு முன்னும் பின்னும் ஓடாமல் பிடிக்க இரண்டு பக்கமும் கை வேண்டும். படங்களில் 'ஹேர்பின்' என்று ஒன்று அழகாக இருக்கும், கொண்டை ஊசி மாதிரியே. முன்னால் இரண்டு காலும் அச்சில் மேலும் கீழும் பிடிக்கும், பின்னால் ஒரே முனையாகச் சேசிஸில் பிடிக்கும். அழகுக்கு மயங்கி அதையே செய்தேன். ஆர்க் வெல்டிங்கில் 7018 என்கிற வெல்டிங் ராடு போட்டு பிராக்கெட்டுகளை அச்சோடு ஒட்டினேன். சூளைக் களத்தில் முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம், ஒரு பக்கச் சக்கரம் செங்கல் குவியல் ஓரத்தில் ஏறி இறங்கின பிறகு, இடது பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம்.

கழுவிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கீறலை மை விட்டுக் காட்டுகிற டை பெனட்ரன்ட் செட் வாங்கி வைத்திருந்தேன். சிவப்பு மையை அடித்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, துணியால் துடைத்து, வெள்ளையை மெல்லிசாக ஊதினேன். கொஞ்ச நேரம் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பிறகு வெல்டிங்கின் கரையை ஒட்டி ஒரு சிவப்பு முடி முளைத்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போதே நீண்டது. 22 எம்எம்.

வெல்டிங் ராடில் ஈரம் என்று முதலில் நினைத்தேன். சாரல் மாசம், 7018 ஈரம் குடிக்கும், நானும் அதை அடுப்பில் வைத்து எடுக்கவில்லை. அதிலும் குற்றம் இருக்கலாம். ஆனால் வலது பக்கமும் அதே இடத்தில் சின்னதாக ஒரு கோடு தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. ஒரு சக்கரம் மேலே ஏறினால் அந்தப் பக்கத்துக் கொண்டை ஊசி பின் முனையில் சுழலும், அதோடு அச்சின் அந்த முனையும் சுழலும். மறுபக்கம் சும்மா நிற்கும். ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி அச்சைப் பிழிகிறோம். ஐ பீம் அச்சு என்றால் முறுக்குக்கு வளைந்து கொடுக்கும், பழைய போர்டுக்காரர்கள் அதனால்தான் தப்பித்தார்கள். குழாய் முறுக்குக்கு மசியாது. மசியாதபோது ஒட்டின இடம்தான் கிழியும். எந்த வெல்டிங் ராடு போட்டிருந்தாலும் கிழிந்திருக்கும்.

ஹேர்பின்னைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாலு ராடுக்கு மாறினேன். ஒரு பக்கத்துக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, இரண்டும் ஒரே நீளம், இணையாக. இப்போது ஒரு பக்கம் ஏறினாலும் அச்சு முறுகாது, அப்படியே நேராக ஏறும். 25 எம்எம் சீம்லெஸ் குழாய், முனைகளில் இஎன்8 இரும்பில் கடைந்து மரை வெட்டிய கட்டை, 16 எம்எம் மரை, 1.5 பிட்ச். முனை கிளெவிஸ் என்கிற கவட்டை, சேசிஸ் பக்கம் ரப்பர் புஷ். பழைய பிராக்கெட்டுகளை அரைத்து எடுத்து, குழாயைச் சுத்தமாக்கி மறுபடி சிவப்பு மை அடித்துப் பார்த்து, குழாயில் கீறல் இறங்கவில்லை என்று உறுதியான பிறகுதான் புது பிராக்கெட். இந்த முறை வெல்டிங் ராடுகளை அடுப்பில் சூடாக்கித்தான் எடுத்தேன். பட்டைக்கு மட்டும் எங்கேயும் வெல்டிங் பொறியைக் காட்டவில்லை. ஸ்பிரிங் ஸ்டீலில் வெல்டிங் போடுகிறவனைப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

அடுத்த வினோதம் ஸ்டீரிங். வலது பக்கம் பத்மினி பாக்ஸ், அதிலிருந்து நீளமான டிராக் லிங்க் குறுக்கே போய் இடது சக்கரத்து நக்கிளைப் பிடிக்கும். நின்ற இடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பினேன். சக்கரம் அசையவில்லை, பாடி அசைந்தது! மூக்கு மொத்தமும் ஒரு பக்கமாக ஒதுங்கி, அதற்கப்புறம்தான் சக்கரம் திரும்ப ஆரம்பித்தது. குறுக்குப் பட்டையின் இரண்டு முனையிலும் ஷாக்கிள், அதாவது பட்டையை அச்சோடு பிடிக்கிற ஆடும் இணைப்பு. டிராக் லிங்க் தள்ளினால் சக்கரத்தைத் தள்ளுவதைவிட ஷாக்கிளில் தொங்குகிற வண்டியைத் தள்ளுவது சுலபம். மச்சான் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, "மாப்ள, நெல்லையப்பர் தேருக்கும் ஸ்டீரிங் கிடையாதுதான். சறுக்குக்கட்டை போட நான் ஓடி வரவா?" என்றான்.

வேண்டியது பான்ஹார்டு ராடு. வலது சேசிஸில் ஒரு முனை, அச்சின் இடது பக்கம் மறு முனை. அச்சைப் பக்கவாட்டில் ஓடவிடாது. நீளமும் சாய்வும் டிராக் லிங்குக்குச் சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மேடு பள்ளத்தில் இரண்டும் வேறு வேறு வட்டத்தில் சுற்றி, நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். அதை அளக்கப் பட்டை செட்டில் மெயின் பட்டையை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றினேன். ஹப்பில் ஒரு பென்சிலைக் கட்டி, எதிரே அட்டையை நிறுத்தி, ஜாக்கியில் அச்சை 50 எம்எம் மேலே, 50 எம்எம் கீழே கொண்டு போனேன். ராடு இல்லாதபோது பென்சில் 14 எம்எம் ஓடி ஒரு பிறை வரைந்தது. ராடு போட்ட பிறகு 2 எம்எம். அந்த அட்டையைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். கேட் வாங்க வருகிறவர்கள் என்ன டிசைன் என்று கேட்கிறார்கள்.

ஷாக்கிள் சாய்வையும் அப்போதே திருத்தினேன். சுமை ஏறி நிற்கும்போது 45 டிகிரி பக்கம் இருக்க வேண்டும், என்னுடையது கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தொங்கியது. அச்சில் ஷாக்கிள் பிடிக்கிற கொக்கிகளை வெளியே தள்ளி வைத்ததும் வந்துவிட்டது. அரிசி ஆலையிலிருந்து ஒரு பிளாட்பாரத் தராசு இரவல் வாங்கி, ஆள் ஏறாமல் நிறுத்திப் பார்த்தேன். முன் இடது 182 கிலோ, முன் வலது 189, கிட்டத்தட்டச் சமம்.

எல்லாம் முடிந்ததென்று ஓட்டினால் வண்டி நேராகப் போக மாட்டேன் என்றது. திருப்பிவிட்ட ஸ்டீரிங் தானாகத் திரும்பி வரவே இல்லை. ஸ்டீரிங்கைத் தானாகத் திரும்பி வர வைப்பது காஸ்டர், அதாவது கிங் பின்னின் தலை பின்னால் சாய்கிற கோணம். அதை 5 டிகிரி வைத்திருந்தேனே என்று அளந்தால் 3. காரணம் அற்பமானது. சேசிஸ் மட்டமாக ஸ்டாண்டில் நின்றபோது 5 வைத்தேன். பிறகு ஸ்டைலுக்காகப் பின்னால் பெரிய டயர் போட்டதில் பின்பக்கம் 9 செ.மீ. உயர்ந்தது. 2500 எம்எம் வீல்பேஸில் அது 2 டிகிரி. வண்டி முன்னால் குனிந்தால் கிங் பின்னும் கூடவே குனியும்.

நாலு ராடின் அருமை இங்கேதான் தெரிந்தது. அச்சில் மேல் ராடுக்கும் கீழ் ராடுக்கும் இடைவெளி 125 எம்எம். மேல் கிளெவிஸை ஒரு சுற்று உள்ளே திருகினால் 1.5 எம்எம் குறையும், கிங் பின்னின் தலை பின்னால் சாயும், ஒரு சுற்றுக்கு 0.7 டிகிரி. ஆறு சுற்று, இரண்டு பக்கமும் சமமாக. போனில் மட்டம் பார்க்கிற ஆப்பை வைத்துப் பார்த்தேன், 7.1 காட்டியது. டோ-இன்னுக்கு (முன்சக்கரங்கள் முன்னால் கொஞ்சம் உள்நோக்கி இருக்கிற அளவு) கடைக்குப் போகவில்லை. டயரைச் சுற்றவிட்டுச் சுண்ணாம்பு பூசி, ஆணியால் ஒரு கோடு கீறி, முன்னாலும் பின்னாலும் டேப் பிடித்தேன். முன்னால் 3 எம்எம் குறைவு. அதுவே போதும்.

45 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் படபடவென்று ஆடுவது மட்டும் இன்னும் ஒரு வாரம் இருந்தது. காஸ்டரைச் சந்தேகித்தேன், பாக்ஸைச் சந்தேகித்தேன். கடைசியில் வலது டயர் பேலன்ஸ். அதைப் போய் கடைசியில் பார்த்தேன்.

பிரேக்கைப் பற்றி இரண்டே வரி. முன்னால் ஜீப் டிரம்மே இருக்கிறது, மாஸ்டர் சிலிண்டர் மட்டும் இரட்டை அறை உள்ளது. அது வண்டித் தளத்துக்கு அடியில், வீல் சிலிண்டரைவிடத் தாழ இருப்பதால், ஆயில் திரும்பி ஓடி பெடல் பள்ளமாகப் போகும். லைனில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கிற 10 பிஎஸ்ஐ ரெசிடியூவல் வால்வு போட்ட பிறகு சரி.

போன மாசம் ஆசாரியை ஆட்டோவில் கூட்டி வந்து களத்தில் இரண்டு சுற்று சுற்றினேன். 60 வரைக்கும் போனேன், ஸ்டீரிங்கில் இரண்டு விரல்தான் வைத்திருந்தேன். வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தார். இறங்கினதும் நேரே மூக்குப் பக்கம் போய்க் குனிந்து, பட்டையின் கண்ணைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இடது ஷாக்கிள் கத்துது. கேக்கலியா உமக்கு?"

எனக்குக் கேட்கவில்லை. எஞ்சின் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? ஆனால் ஜாக்கி போட்டு அழுத்திப் பார்த்தபோது கிறீச்சென்றது. புஷ்ஷின் கிரீஸ் வழி வெல்டிங் கசடில் பாதி அடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்ற வேண்டும்.